குழாய் போட்டுக்கொண்ட கோட்டு

விடிந்தும் விடியாததுமாக பாய்லர் உறுமத் தொடங்கிவிடும். நாங்கள் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு மேசைக்கு வருவதற்குள் கூடம் பூராவும் ஈரத் துணியும் சூடான இரும்பும் கலந்த வாடை ஏறியிருக்கும். முதல் கோட்டை விரிப்பேன். காலால் மிதியை அழுத்தினால் மேசை துணியைக் கீழே இழுத்துப் பிடிக்கும். இஸ்திரிப் பெட்டியின் விசையைத் தட்டினால் ஆவி பீறிடும். தோள், கை, முதுகு, காலர், கடைசியாக உள்ளே தைத்திருக்கும் லைனிங் துணி. ஒன்றை முடித்துத் தொங்கவிடுவதற்குள் அடுத்தது வந்து விழும். சூரியன் ஜன்னலுக்கு ஏறும்போது என் முதுகு நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்திருக்கும்.

தைப்பது பனிக்கோட்டு. வெளியே வெயில் ஆளைப் பொசுக்குகிறது. பனி எப்படியிருக்கும் என்று எங்களில் ஒருத்தருக்கும் தெரியாது. யாரோ எங்கேயோ குளிரில் நடுங்காமல் இருக்க நாங்கள் இங்கே வெந்துகொண்டிருக்கிறோம்.

என்னைக் கம்பெனியில் 'கடுகடு அக்கா' என்பார்கள். நான் சிரிக்கவே மாட்டேனாம். நாள் முழுக்கக் கொதிக்கிற பெட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பவள் பல்லைக் காட்டிக்கொண்டே நிற்க நான் என்ன கடை வாசல் பொம்மையா?

ஒருத்திதான் என்னைச் சிரிக்க வைத்தாள். என் நாத்தனார், வீட்டுக்காரருடைய ஒரே தங்கை. வீட்டில் அவள் பாப்பா. கம்பெனியில் அவளுக்கு 'கார்ட்டூன்' என்று பெயர். அவள் கண்ணை மூடி நாலு மாதத்துக்கு மேலாகிறது. இன்னும் தலைக்கு மேலே ஆவிக் குழாய் சீறும்போதெல்லாம் நான் திரும்பிப் பார்க்கிறேன். அவள் சிரிப்பு அப்படித்தான் இருக்கும். வாயை மூடிக்கொண்டு பல்லிடுக்கில் 'ஸ்ஸ்ஸ்' என்று சிரிப்பாள். கூடத்தில் சத்தமாகச் சிரித்தால் சூப்பர்வைசர் ஓடி வருவார் என்று பழகிக்கொண்ட சிரிப்பு. பாவி, வீட்டிலும் அப்படியேதான் சிரித்தாள்.

அவளுக்கு மார்க்கிங் மேசையில் வேலை. கோட்டின் லைனிங்கில் பை எங்கே வரவேண்டும், மடிப்பு எங்கே வரவேண்டும் என்று பேனாவால் குறி போட வேண்டும். அந்தப் பேனாவின் மை சூடு பட்டால் மறைந்துவிடும். தையல் எல்லாம் முடிந்து கோட்டு என் மேசைக்கு வந்ததும், பெட்டியை ஓர் இழுப்பு இழுத்தால் குறி இருந்த இடமே தெரியாது. கையில் பேனா, எதிரே வெள்ளைத் துணி. அவள் சும்மா இருப்பாளா?

வரைந்து தள்ளினாள். ஒட்டகச்சிவிங்கிக் கழுத்தோடு ஒரு மாடல் அழகி மோவாயைத் தூக்கிக்கொண்டு ஃபேஷன் ஷோ ராம்பில் நடந்து வருவாள். கீழே படி இருப்பது அவளுக்குத் தெரியாது. இன்னொருத்தி போட்டிருக்கும் கவுனில் விலைச்சீட்டு தரை வரை தொங்கும், துணி மட்டும் முழங்காலுக்கு மேலே நின்றுவிடும். ஒரு தடவை கறுப்புக் கண்ணாடி போட்ட டிசைனர் ஒருவர் கூடத்தைப் பார்க்க வந்தார். இருட்டு மூலையில் அந்தக் கண்ணாடியைக் கழற்றாமலே போய்க் குப்பைத் துணி மூட்டையைத் தடவி, "ஆகா, என்ன ஒரு கற்பனை!" என்று சொன்னாராம். மறுநாள் அவர் அந்த மூட்டையையே மணமேடைக்குக் கூட்டிக்கொண்டு போகிற படம் ஒவ்வொரு கோட்டிலும் வந்தது. கிழிசல் கால்சட்டை ஆர்டர் வந்த சமயத்தில் ஒரு படம் போட்டாள். இந்தப் பக்கம் கிழிந்ததைத் தைத்துக்கொண்டிருக்கும் ஒருத்தி, அந்தப் பக்கம் தைத்ததைக் கிழித்துக்கொண்டிருக்கும் ஒருத்தி. இரண்டு பேருக்கும் ஒரே முகம். கூர்ந்து பார்த்தால் என் முகம்!

படம் அவள் மேசையில் பிறக்கும். பை தைக்கிறவர்களைத் தாண்டி, கை தைக்கிறவர்களைத் தாண்டி, காலர்க்காரி மேசைக்குப் போகும். வரிசை நெடுகத் தோள்கள் குலுங்கும், சத்தம் வராது. கடைசியில் என்னிடம் வரும். நான் ஒரு நொடி பார்ப்பேன். பிறகு பெட்டியை வைத்து அழித்துவிடுவேன்.

"அண்ணி, நல்லாப் பார்த்துட்டு அழிங்க," என்பாள் வீட்டுக்குத் திரும்பும் வழியில். "அவசரப்பட்டு அழிச்சா படத்துக்கு வலிக்கும்."

"உன் வாய்க்கொழுப்பு என்னிக்காவது உன்னை மாட்டிவிடப் போகுது பாரு," என்பேன் நான்.

பாய்லரிலிருந்து எங்கள் இஸ்திரி மேசைகளுக்கு வரும் குழாய் மார்க்கிங் மேசைக்கு நேர் மேலே போகிறது. அங்கே ஒரு மூட்டு. வெகுநாளாகவே அது கசிந்துகொண்டிருந்தது. பாய்லர்க்காரர் முதலாளியிடம் போய்ச் சொன்னார். சீசன் முடியட்டும் என்றார் முதலாளி. திரும்பப் போய்ச் சொன்னார். வெட்டுத்துணியை வைத்து இறுக்கிச் சுற்று என்றார். பூப்போட்ட வெட்டுத்துணியைச் சுற்றிக்கொண்டு குழாய் சீறிக்கொண்டிருந்தது.

அதையும் பாப்பா விடவில்லை. குழாய் ஒயிலாக ராம்பில் நடந்து வருகிறது. கழுத்தில் பூப்போட்ட துணி, துணியிடுக்கில் புஸ்ஸென்று ஆவி. இரண்டு பக்கமும் கறுப்புக் கண்ணாடிக்காரர்கள் கை தட்டுகிறார்கள். கீழே, 'இந்த வருஷம் குழாய்க்கு இதுதான் ஃபேஷன்'. ஒரே ஆர்டருக்குச் சேர்ந்து போகிற அந்த லாட் முழுக்க அதே படம்தான். ஒன்றில் குழாய் தொப்பி வைத்திருக்கும், ஒன்றில் கோட்டே போட்டிருக்கும், ஒன்றில் குதிகால் செருப்பு.

"எத்தனை தடவைடி இதையே வரைவ?" என்று கேட்டேன்.

"முதலாளி மாத்துற வரைக்கும், அண்ணி."

லாட் கப்பல் ஏறிப் போயிற்று. முதலாளி மாற்றவில்லை. அடுத்த லாட் ஓடிக்கொண்டிருந்த ஒரு விடியற்காலை மூட்டு வெடித்தது. கூடத்தின் அந்தப் பக்கம் முழுக்க வெள்ளையாகிவிட்டது. ஆள் தெரியவில்லை, மேசை தெரியவில்லை. அந்த வெள்ளைக்குள்ளேயிருந்து "அண்ணி" என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டாள். நான் ஓடினேன். இன்னமும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறேன், போய்ச் சேர்ந்தபாடில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் யாரும் யாரோடும் அதிகம் பேசுவதில்லை. முன்பெல்லாம் காலையில் குளியலறைக்கு அண்ணனுக்கும் தங்கைக்கும் நாள் தவறாமல் சண்டை நடக்கும். இப்போதும் அவர் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு அந்தக் கதவுக்கு வெளியே நிற்கிறார். கதவு திறந்தே கிடக்கிறது, உள்ளே ஆள் இல்லை. "பாப்பா, சீக்கிரம் வா, நேரமாச்சு," என்று சொல்லிவிட்டு, சொன்னது உறைத்து, என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறார். தண்ணீர் விழுகிற சத்தம் வெகுநேரம் கேட்கும்.

விபத்தைப் பற்றி விசாரிக்க அரசாங்க அதிகாரி வருவதாக இருந்தது. தள்ளிப்போனது. மறுபடி தள்ளிப்போனது. கடைசியில் நாள் குறித்ததும், அதற்கு முந்தின நாள் முதலாளி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"உட்காரும்மா."

அந்த அறையில் எங்களில் ஒருத்தரை உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை. நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"நாளைக்கு மதியம் அந்த அதிகாரியம்மா வர்றாங்க. நீ சொந்தக்காரி. நீ ஒரு வார்த்தை சொன்னா நம்புவாங்க. பொண்ணு கொஞ்சம் விளையாட்டுப் புத்தி. குழாய் நல்லாத்தான் இருந்துச்சு. இவதான் அழகுக்குத் துணியைச் சுத்தினா. மேசை மேல ஏறி அதைப் பிடிச்சு இழுத்தா. அவ்வளவுதான் நடந்தது."

"அவ ஏறலைங்க."

"நீ பார்த்தியா?"

"ஆவியில ஒண்ணும் தெரியலை."

"அப்போ ஏறலைன்னு மட்டும் எப்படித் தெரிஞ்சது?"

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இங்க பாரும்மா, செத்தவளுக்கு இனிமே நல்ல பேரு எதுக்கு, கெட்ட பேரு எதுக்கு? என் மேல தப்புன்னு ஆச்சுன்னா ஆர்டர் போயிடும். ஆர்டர் போனா கூடத்தையே மூட வேண்டியதுதான். அத்தனை பேரு வயித்துலயும் அடிச்சுட்டு நீ மட்டும் நிம்மதியாத் தூங்குவியா?"

"யோசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அவ அஞ்சு வயசுலயே சுவர் பூரா கிறுக்குவா. அடிச்சிருக்கேன்," என்று மட்டும் சொன்னார்.

விசாரணை நாள் விடிந்தது. வழக்கம்போல் பாய்லர் உறுமியது. மேலே வெடித்த இடத்தில் ஒட்டுப்போட்டு, குழாய்க்குப் புதுத் துணி சுற்றியிருந்தார்கள், இந்தத் தடவை நீலக் கோடு போட்டது. அதற்கடியில் மார்க்கிங் மேசையில் புதிதாக ஒரு பெண் குனிந்து உட்கார்ந்திருந்தாள். நான் மூன்றாவது கோட்டில் இருக்கும்போது லாரி ஒன்று பின்வாசலில் வந்து நின்று பெட்டி பெட்டியாக இறக்கியது. அனுப்பிய சரக்கு திரும்பி வந்திருக்கிறது என்று பேச்சு அடிபட்டது.

கொஞ்ச நேரத்தில் முதலாளியே கூடத்துக்கு வந்தார். ஒரு கோட்டை உள்ளே வெளியே திருப்பி, செத்த எலியைத் தூக்குகிற மாதிரி இரண்டு விரலில் பிடித்திருந்தார்.

"என்ன கிறுக்கல் இது? அங்க பனியில லாரியெல்லாம் நாள்கணக்கா மாட்டி நின்னிருக்கு. கடையில பிரிச்சா லைனிங் பூரா படம்! வாங்கினவ எல்லாம் ரோட்டுல நின்னு கோட்டைத் திறந்து காட்டிச் சிரிக்கிறாளாம். உறையுற குளிர் பட்டா இந்த மை திரும்ப வந்துடுமாம். இத்தனை பேரு இருக்கீங்களே, ஒருத்தருக்காவது இது தெரியுமா?"

யாருக்கும் தெரியாது. வெயிலிலேயே பிறந்து வெயிலிலேயே வேகிறவர்களுக்குக் குளிர் என்ன செய்யும் என்று எப்படித் தெரியும்? சூட்டில் போனது போனதுதான் என்று நினைத்திருந்தோம்.

ஒவ்வொன்றாக நான் அழித்த படங்கள். மேலே குழாய் 'ஸ்ஸ்ஸ்' என்றது. மார்க்கிங் மேசைப் பெண் பயந்துபோய் எழுந்துவிட்டாள்.

"அதிகாரி வர்றதுக்குள்ள எல்லாத்தையும் இஸ்திரி போட்டு அழிங்க," என்றார் முதலாளி என்னைப் பார்த்து. "ஒரு கோடு இருக்கக் கூடாது. உறையுற குளிர் இல்லாத ஊருக்கு வித்துத் தொலைக்கிறேன்."

பெட்டிகளை என் மேசையோரம் கொண்டுவந்து அடுக்கினார்கள். முதல் கோட்டை எடுத்துத் திருப்பி விரித்தேன். குழாய் என்னைப் பார்த்து ஒயிலாக நடந்து வந்தது. கழுத்தில் பூப்போட்ட துணி, துணியிடுக்கில் ஆவி. பழக்கத்தில் கால் மிதியை அழுத்திவிட்டது, மேசை துணியை இழுத்துப் பிடித்துக்கொண்டது. இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிவிட்டேன். 'நல்லாப் பார்த்துட்டு அழிங்க' என்று காதருகே குரல் கேட்டது. சத்தியமாகக் கேட்டது. யார் நம்பினால் என்ன, நம்பாவிட்டால் என்ன.

நல்லாப் பார்த்தேன். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. இந்த லாட் அவள் உயிரோடு இருக்கும்போதே கப்பல் ஏறிவிட்டது. கப்பல் ஏறுவதற்கு முன்னாலேயே குழாய் துணி சுற்றிக்கொண்டு நின்றிருக்கிறது, ஆவி கக்கிக்கொண்டு நின்றிருக்கிறது. குழாய் நன்றாக இருந்ததாம், அன்றைக்கு இவள் ஏறி இழுத்தாளாம்! முதலாளி இத்தனை கோட்டையும் பார்த்தார். கம்பெனியைக் கேலி செய்கிறார்கள் என்றுதான் அவருக்குப் பட்டது. குழாயை அவர் அப்போதும் பார்க்கவில்லை, படத்திலும் பார்க்கவில்லை.

பெட்டியைத் தாங்கியில் வைத்தேன். "காலரு, இங்க வா," என்று கூப்பிட்டேன்.

காலர்க்காரி வந்து பார்த்தாள். பார்த்தவள் முகம் கோணிப்போயிற்று. வரிசை வளைந்து வருவதால் மார்க்கிங் மேசைக்குப் பக்கத்தில்தான் அவளுடைய மேசை. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி யாரையும் கேட்கக் கூடியவள், அந்த விபத்துக்குப் பிறகு வாயே திறப்பதில்லை. இந்தப் புழுக்கத்திலும் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தாள். ஏன் என்று நான் கேட்டதில்லை.

"குழாய் வெடிச்சப்ப அவ எங்கிட்டக் குண்டூசி கேட்டுட்டு இருந்தாக்கா," என்றாள். "ஸ்டூல்ல உட்கார்ந்துதான் கேட்டா. ஏறவும் இல்லை, இழுக்கவும் இல்லை. நான் குண்டூசியை நீட்டினேன். நீட்டின கை இதுதான்." சட்டைக் கையைச் சுருட்டினாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் வழன்று பளபளவென்று கிடந்தது. "முழுக்கை போட்டுக்கிட்டு வா, யாருக்கும் காட்டாதேன்னு சொன்னாங்க. வேலை போயிடும்னு நானும் போட்டுக்கிட்டேன்."

எனக்கு அவளை அறைய வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. கட்டிக்கொண்டேன்.

படம் இருந்த கோட்டுகள் கை மாறிக் கை மாறி வரிசை நெடுகப் போயின. இந்தத் தடவை தோள்கள் குலுங்கவில்லை. பாய்லர்க்காரர் கரித்துணியில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். ஒரு கோட்டை வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இந்தப் பூத்துணியைச் சுத்தினது நான்தான்," என்றார். "முதலாளி சொன்னார், சுத்தினேன். ஒவ்வொரு நாளும் வந்து பாய்லரைப் பத்த வைக்கும்போது அந்தப் பொண்ணு மேல இருந்து பார்த்துக்கிட்டே இருக்கு. எனக்குப் பொண்ணு இருக்கா, அதே வயசுல."

"ஒரு படத்தைச் சாட்சின்னு ஒத்துக்குவாங்களா?" என்று யாரோ கேட்டார்கள்.

"படத்தை ஒத்துக்கலைன்னா நாம ஒவ்வொருத்தரா சொல்லுவோம்," என்றாள் காலர்க்காரி. "ஒருத்தியைத் துரத்தலாம், அத்தனை பேரையும் துரத்திட்டு இவரு உட்கார்ந்து தைப்பாரா?"

பாய்லர்க்காரர் கோட்டை என்னிடம் கொடுத்தார். திரும்பிப் போய் அடுப்பை அணைத்தார், ஆவியைத் திறந்துவிட்டார், பெரிய வால்வைச் சுற்றி மூடினார். இஸ்திரிப் பெட்டிகள் ஒவ்வொன்றாகப் பெருமூச்சு விட்டு அடங்கின. தையல் மெஷின்களும் நின்றன. பல வருஷமாக அந்தக் கூடத்தில் நான் கேட்டறியாத அமைதி வந்தது.

அமைதி கேட்டு முதலாளி ஓடி வந்தார். "பாய்லரை எவன் நிறுத்தினது?"

"நான்தான் சார். குழாயை மாத்தாம இனிமே பத்த வைக்க மாட்டேன்."

"உனக்கென்ன பைத்தியமா? செத்துப்போன ஒருத்திக்காக இத்தனை பேரு வேலையைக் கெடுக்கிறீங்களா?"

"இருக்கிறவங்களுக்காகத்தான் சார்," என்றாள் காலர்க்காரி. "குழாய் இன்னும் மேலதானே இருக்கு. அதுக்கடியில ஒரு பொண்ணு உட்கார்ந்திருக்கா, பாருங்க."

அவர் மேலே பார்க்கவில்லை. என் பக்கம் திரும்பினார். "நீ பெரியவ. உனக்காவது புத்தி இருக்கும்னு நினைச்சேன். கோட்டை அழிச்சியா இல்லையா?"

என்ன நினைத்தேனோ தெரியவில்லை. குழாய்ப் படக் கோட்டை எடுத்து, உள்பக்கம் வெளியே தெரிகிற மாதிரி திருப்பி, மாட்டிக்கொண்டேன். பித்தானையும் போட்டேன்.

"ஏய், சரக்கைக் கழட்டு!"

"அளவு சரியா இருக்கான்னு பார்க்கிறேன் சார்," என்றேன். "இத்தனை வருஷமா இஸ்திரி போடுறேன், ஒரு நாளாவது போட்டுப் பார்த்திருக்கேனா?"

காலர்க்காரி ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டாள், சட்டைக் கையோடு கோட்டுக் கையையும் முழங்கைக்கு மேலே ஏற்றிவிட்டாள். பாய்லர்க்காரருக்கு எந்தக் கோட்டும் நெஞ்சுக்கு மேல் மூடவில்லை. மார்க்கிங் மேசைப் பெண்ணுக்கு முழங்கால் வரை தொங்கியது. பெட்டிகள் காலியாகிக்கொண்டே வந்தன. வெளியே கொளுத்துகிற வெயிலில் வாசலுக்குக் கார் வந்து நிற்கிற சத்தம் கேட்டது.

"வெயில்ல படம் அழிஞ்சிடாதே?" என்று மார்க்கிங் மேசைப் பெண் என் காதில் கேட்டாள்.

"என் பெட்டிச் சூடு வேணும் அதுக்கு. நீ நட."

மெஷின் வரிசைகளுக்கு நடுவே இருந்த பாதையில் நான் முன்னால் நடந்தேன். பாப்பா போட்ட அழகிகளைப் போல மோவாயைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். வாசல் படி வந்ததே தெரியவில்லை. தடுக்கி, ஆட்டம் கண்டு, கதவைப் பிடித்துச் சமாளித்துக்கொண்டேன்.

'ஸ்ஸ்ஸ்' என்றது.

மேலே பார்த்தேன். குழாய் அசையாமல் கிடந்தது. ஆவியே இல்லையே, எது சீறும்? மறுபடி கேட்டது. திரும்பினேன். எனக்குப் பின்னால் கூடமே வரிசையாகக் கோட்டு போட்டுக்கொண்டு நின்றது. அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டு, பல்லிடுக்கில், கண்ணில் தண்ணீர் வழிய வழிய, அவள் சிரிப்பைச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இந்தக் கடுகடுவுக்கும் அடக்க முடியவில்லை. சிரித்தேனா அழுதேனா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

அதிகாரியம்மா காரிலிருந்து இறங்கி அப்படியே நின்றுவிட்டார். "என்னம்மா இது? இந்த வெயில்ல பனிக்கோட்டு?"

"இதுங்க எல்லாம் கிறுக்குங்க மேடம், நீங்க உள்ள ஆபீசுக்கு வாங்க," என்று முதலாளி முந்திக்கொண்டு ஓடினார்.

அதிகாரி போகவில்லை. கிட்டே வந்து என் நெஞ்சிலிருந்த படத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு காலர்க்காரி நெஞ்சைப் பார்த்தார், அவள் கையைப் பார்த்தார். வேர்வை என் கோட்டுக்குள் ஆறாக ஓடியது. நாளைக்கு எங்களில் யாருக்கு வேலை இருக்கும், யாருக்கு இருக்காது, ஒன்றும் தெரியாது. இந்த அம்மா எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாது.

"யார் வரைஞ்சது?" என்று கேட்டார்.

"என் நாத்தனார்ங்க," என்றேன். "அவ மேசை மேல ஏறலை."

"ஏறலைங்க," என்றாள் காலர்க்காரி.

"ஏறலை," என்றார் பாய்லர்க்காரர். அவருக்குப் பின்னால் இன்னொரு குரல் சொன்னது, அதற்குப் பின்னால் இன்னொன்று. அந்த வார்த்தை படி தாண்டி, மெஷின்களைத் தாண்டி, கூடத்தின் கோடி வரைக்கும் போய்க்கொண்டிருந்தது.